ராத்திரி 2 மணிக்கு விழிப்பு... மெனோபாஸ் தூக்கமின்மைக்குத் தூக்க மாத்திரைதான் தீர்வா?

நடுராத்திரியில் திடீரென விழிப்பு. கழுத்து, நெஞ்செல்லாம் வியர்வை. ஃபேனைக் கூட்டிவிட்டுப் படுத்தாலும் மறுபடி தூக்கம் வருவதில்லை. 45 வயதைத் தாண்டிய பெண் இதைச் சொன்னால், 'வயசானா அப்படித்தான்' என்று வீட்டில் பேச்சை முடித்துவிடுகிறார்கள். ஆனால், இதற்குச் சிகிச்சை இருக்கிறது.

என்னதான் நடக்கிறது?

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. உடல் சூட்டைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸில் சில நரம்பு செல்கள் அதனால் கட்டுப்பாடின்றி இயங்குகின்றன. லேசான சூடுகூட மூளைக்குப் பெரிய சூடாகத் தெரிய, குப்பென்று வியர்க்கிறது. இந்தியப் பெண்களுக்கு இது சராசரியாக 46-47 வயதிலேயே வந்துவிடுகிறது. சினைப்பைகளையும் சேர்த்து அகற்றியவர்களுக்கு அறுவை சிகிச்சை முடிந்ததுமே தொடங்கிவிடும்.

மெடிக்கல் ஷாப் மாத்திரை?

பலர் முதலில் போவது அங்கேதான். அல்பிரசோலம் போன்றவை ஹெச்-1 அட்டவணை மருந்துகள். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. பழகிப்போகும், தடுமாறி விழவும் வைக்கும். வியர்வையை நிறுத்தாது.

உலகளவில் முதலில் பரிந்துரைக்கப்படுவது சிபிடி-ஐ என்ற நடத்தைச் சிகிச்சை. பெயர்தான் பெரிசு. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, வராவிட்டால் புரளாமல் எழுந்து உட்கார்வது ஆகியவைதான் இதன் அடிப்படை. தேவதானப்பட்டியில் விடியும் முன்பே தோட்ட வேலைக்குக் கிளம்பும் பெண்ணுக்கு எழும் நேரம் ஏற்கெனவே நிலையானது. அலுப்பில் எட்டரைக்கே படுத்துவிடுவதுதான் சிக்கல். பகலெல்லாம் காய்ந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் சூடு வேறு. அதை எந்த மாத்திரையும் தணிக்காது.

வியர்வை அதிகமென்றால் ஹார்மோன் சிகிச்சை உதவும். 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வுக்குப் பிறகு இதன்மீது பெரிய பயம் வந்தது. ஆனால், அதில் பங்கேற்றவர்களின் சராசரி வயதே 63. 60 வயதுக்குள், மெனோபாஸ் வந்து 10 ஆண்டுகளுக்குள் தொடங்கினால் பலருக்கு நன்மையே அதிகம் என்பது இப்போதைய நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு பாதிப்பு இருந்தவர்களுக்குப் பொதுவாகத் தரமாட்டார்கள்.

யாரிடம் கேட்பது?

தேவதானப்பட்டிக்காரர்களுக்குப் பெரியகுளம் அரசு மருத்துவமனை பக்கம், அடுத்து க.விலக்கில் தேனி மருத்துவக் கல்லூரி. மகப்பேறு மருத்துவர் என்றாலே பிரசவத்துக்குத்தான் என்று பலர் போவதில்லை. தேசிய குடும்ப நல ஆய்வே பெண்களிடம் 49 வயதோடு பேட்டியை முடித்துக்கொள்கிறது என்றால், இவர்களை மட்டும் என்ன சொல்வது? தைராய்டு, ரத்தசோகை பரிசோதனையும் கேட்க வேண்டும். பலத்த குறட்டை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மெனோபாஸுக்குப் பிறகு தூக்கத்தில் மூச்சுத்தடை அதிகமாகிறது. மனச்சோர்வும் சேர்ந்திருந்தால், டெலிமானஸ் எண் 14416-ல் தமிழிலேயே, இலவசமாகப் பேசலாம். விழித்துக் கிடக்கும் அந்த 2 மணிக்கும் அது இயங்கும்.