'இந்த நாவல் கணக்குல சேருமா?' - ஸ்டார் வார்ஸ் ரசிகர்களின் தீராத பஞ்சாயத்து

புதுசா ஒரு ஸ்டார் வார்ஸ் நாவல் கடைக்கு வந்தால் ரசிகர்கள் கேட்கிற முதல் கேள்வி என்ன தெரியுமா? 'கதை நல்லா இருக்கா?' என்பது இல்லை. 'இது கணக்குல சேருமா?' என்பதுதான்.

அதாவது, அந்த நாவலில் நடப்பதெல்லாம் படங்களின் உலகத்தில் உண்மையிலேயே நடந்ததாக எடுத்துக்கொள்ளலாமா, கூடாதா? இதற்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் 'கேனன்'. எல்லாமே கற்பனைதானே பாஸ், அதுல என்ன நிஜக் கற்பனை, பொய்க் கற்பனைன்னு சிரிப்பு வரலாம். ஆனால் இந்த ஒரு கேள்விக்காக ரசிகர்கள் காசு சேர்த்து விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள். ஒரு நாவலை ஒன் ஸ்டார் குத்தியே சாய்க்கப் பார்த்திருக்கிறார்கள். அப்படி என்னதான் பிரச்னை?

படத்துக்கு முன்னாடியே வந்த புத்தகம்

ஒரு படம் அல்லது சீரிஸின் உலகத்தையும் கேரக்டர்களையும் வைத்து, உரிமையாளரின் அனுமதியோடு எழுதப்படுவதுதான் டை-இன் நாவல். திரைக்கதையையே நாவலாக்குவது ஒரு வகை. படத்தில் இல்லாத புதுக்கதை சொல்வது இன்னொரு வகை. பெரும்பாலும் இரண்டிலும் ஒரே டீல்தான்: உழைப்பு எழுத்தாளருடையது, உலகம் கம்பெனியுடையது.

ஸ்டார் வார்ஸின் முதல் படம் 1977 மே மாதம் வெளியானது. ஆனால் அதன் நாவல் வடிவம் 1976 கடைசியிலேயே வந்துவிட்டது. அட்டையில் இருந்த பெயர் ஜார்ஜ் லூகாஸ். உண்மையில் எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர். அவரே 1978-ல் 'ஸ்ப்ளின்டர் ஆஃப் த மைண்ட்ஸ் ஐ' என்ற புதுக்கதையையும் எழுதினார். முதல் படம் சுமாராகப் போனால், குறைந்த பட்ஜெட்டில் இதையே இரண்டாம் பாகமாக எடுத்துவிடலாம் என்பது அப்போதைய யோசனை. ஹீரோக்களில் ஒருவரான ஹான் சோலோகூட கதையில் கிடையாது. படம் பிய்த்துக்கொண்டு ஓடியதால் அந்த யோசனை கைவிடப்பட்டது.

காமெடி என்னவென்றால், அந்த நாவலில் லூக்குக்கும் லேயாவுக்கும் நடுவே லேசாக ரொமான்ஸ் வாடை அடிக்கும். 1983-ல் வந்த மூன்றாவது படமோ, அவர்கள் இரட்டைப் பிறவிகள், கூடப்பிறந்தவர்கள் என்று சொல்லிவிட்டது! அப்போ அந்த நாவலை எந்தக் கணக்கில் வைப்பது? பஞ்சாயத்தின் விதை அங்கேயே விழுந்துவிட்டது.

படம் இல்லாத காலத்தில் துணைக்கு இருந்தவை

1983-க்குப் பிறகு அடுத்த படம் வர 16 வருஷம் ஆனது. அந்த இடைவெளியில் 1991-ல் டிமதி ஸான் எழுதிய 'எய்ர் டு த எம்பயர்' வந்து, நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதன் வில்லன் கிராண்ட் அட்மிரல் த்ரான். நீலத் தோல், சிவந்த கண்கள். எதிரி இனத்தின் ஓவியங்களையும் சிற்பங்களையும் படித்தே அவர்களின் போர் மூளையைக் கணிக்கிற ஆள். கத்திக் கூப்பாடு போடாத, யோசிக்கிற வில்லன். ரசிகர்கள் விழுந்துவிட்டார்கள்.

பேரரசின் தலைநகர் கிரகத்துக்கு 'கோரசன்ட்' என்று பெயர் வைத்ததும் இந்த நாவல்தான். பின்னால் 1999 படத்தில் லூகாஸே அந்தப் பெயரைப் பயன்படுத்தினார். நாவலில் பிறந்தது படத்துக்குப் போனபோது, 'நாம படிக்கிறது வெறும் துணுக்கு இல்ல, இதுவும் சேர்ந்ததுதான் ஸ்டார் வார்ஸ்' என்ற நம்பிக்கை ரசிகர்களுக்கு வலுத்தது.

அதே 1999-ல் ஆர்.ஏ.சல்வடோர் எழுதிய 'வெக்டர் ப்ரைம்' நாவலில் சூபாக்காவைக் கொன்றுவிட்டார்கள். படங்களின் முக்கியக் கூட்டாளிகளில் ஒருவர், ஒரு புத்தகத்தில் செத்துப்போகிறார்! எழுத்தாளர் மீது கோபம் கொட்டியது. அந்தக் கோபத்துக்கும் காரணம் அதே நம்பிக்கைதான். கணக்கில் சேராத கதை என்று நினைத்திருந்தால் யார் அழப் போகிறார்கள்?

2014 ஏப்ரல் 25

2012-ல் லூகாஸ்ஃபிலிமை சுமார் 405 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது டிஸ்னி. புதுப் படங்கள் எடுக்க வேண்டும். ஆனால் லூக், ஹான், லேயாவுக்கு அடுத்து என்னவானது, யார் யாரைக் கட்டிக்கொண்டார், யாருக்கு என்ன குழந்தை என்று நாவல்கள் ஏற்கெனவே எழுதி முடித்துவிட்டன. அதையெல்லாம் மதித்தால் புது டைரக்டருக்கு இடமே இருக்காது. நாவலே படிக்காமல் படம் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். வியாபாரமாகப் பார்த்தால் முடிவு புரிகிறது.

2014 ஏப்ரல் 25 அன்று அறிவிப்பு வந்தது. அதுவரை வந்த நாவல்கள் எல்லாம் இனி 'லெஜண்ட்ஸ்'. கடையில் கிடைக்கும், ஆனால் கணக்கில் சேராது.

20 வருஷம் பாக்கெட் மணியைச் சேர்த்து வாங்கி, ஒவ்வொன்றாகப் படித்து, எந்தக் கதைக்குப் பின் எந்தக் கதை என்று மனப்பாடமாக வைத்திருந்தவருக்கு இது எப்படி இருந்திருக்கும்? புத்தகங்கள் அலமாரியில் அப்படியேதான் இருந்தன. அவற்றுக்குக் கொடுத்த நேரத்துக்குத்தான் மதிப்பு இல்லாமல் போனது போல் இருந்தது. பழைய கதைகளைத் தொடரச் சொல்லி சான் ஃபிரான்சிஸ்கோவில் விளம்பரப் பலகை வைத்தது இந்த வருத்தத்தில்தான்.

ஒன் ஸ்டார் யாருக்கு?

இந்தக் கோபம் ஆறுவதற்குள் 2015 செப்டம்பரில் சக் வெண்டிக் எழுதிய 'ஆஃப்டர்மாத்' வந்தது. 'த ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்துக்கு முன்னோட்டம் என்று விளம்பரப்படுத்தப்பட்ட நாவல். வந்த வேகத்தில் அமேசானில் ஒன் ஸ்டார்கள் குவிந்தன.

அந்தக் கருத்துகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, நடை பற்றியது. கதை முழுக்க 'வருகிறான், சுடுகிறான், ஓடுகிறான்' என்று நிகழ்காலத்தில், துண்டு துண்டான வாக்கியங்களில் போகும். பலருக்கு ஒட்டவில்லை. இரண்டாவது, எதிர்பார்ப்பு பற்றியது. லூக்கைத் தேடி வாங்கினால் கதை முழுக்கப் புது முகங்கள். இந்த இரண்டும் நியாயமான விமர்சனம். காசு கொடுத்து வாங்கியவர் தாராளமாகச் சொல்லலாம்.

மூன்றாவது வகைதான் சிக்கல். லெஜண்ட்ஸை ஒதுக்கிய கோபத்தை இந்தப் புத்தகத்தின் மேல் காட்டியவர்கள். கூடவே, தன்பாலின ஈர்ப்புள்ள ஒருவரை முக்கியப் பாத்திரமாக வைத்ததற்காகக் கொதித்தவர்கள். ஸ்டார் வார்ஸ் எல்லோருக்கும் சொந்தம் என்றால் அந்த 'எல்லோரில்' அவர்களும் உண்டுதானே? லெஜண்ட்ஸ் முடிவை எடுத்தது கம்பெனி. வெண்டிக் ஒப்பந்தத்துக்கு எழுதிய எழுத்தாளர். கம்பெனிக்குப் போக வேண்டிய புகாரை எழுத்தாளர் வீட்டு வாசலில் கொட்டியது போல் ஆனது.

இதில் நஷ்டம் எழுத்தாளருக்கு மட்டும் இல்லை. நாவலைப் படித்துவிட்டு, 'நடை சரியில்லை' என்று நேர்மையாக எழுதினவரின் குரலும் அந்தக் கூட்டத்தில் அமுங்கிப்போனது. வாங்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்தவருக்கு, எது விமர்சனம், எது பழிவாங்கல் என்று பிரித்துப் பார்க்கவே முடியவில்லை.

அந்த நாவலின் இடைக்கதைகளில் கோப் வாந்த் என்று ஒருவர் வருவார். பாலைவன கிரகத்தில் ஒரு சின்ன ஊரின் காவல் அதிகாரி. 2020-ல் 'த மண்டலோரியன்' இரண்டாவது சீசனின் முதல் எபிசோடில் அவர் திரையில் வந்தார். ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். அவர் பிறந்தது 'ஆஃப்டர்மாத்' நாவலில் என்பது அதில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

திரும்பி வந்த த்ரான்

லெஜண்ட்ஸ் பக்கமும் ஒரு வெற்றி உண்டு. ரசிகர்கள் த்ரானை மறக்கவே இல்லை. 2016-ல் 'ரெபல்ஸ்' அனிமேஷன் சீரிஸில் அவரைக் கொண்டுவந்தார்கள். 2017-ல் ஸானையே அழைத்து 'த்ரான்' என்ற புது நாவல் எழுத வைத்தார்கள். 2023-ல் 'ஆஷோகா' சீரிஸில், அனிமேஷனில் குரல் கொடுத்த லார்ஸ் மிக்கெல்சனே நீலச் சாயம் பூசிக்கொண்டு நடித்தார். ஹாட்ஸ்டாரில் பார்த்து மிரண்ட நம்மூர் பசங்களும் உண்டு.

ஆனால் திரும்பி வந்தது த்ரான் என்ற கேரக்டர்தான். 1991 நாவலின் கதை இன்னமும் லெஜண்ட்ஸ்தான். எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைக் கம்பெனிதான் தீர்மானிக்கிறது. ரசிகர்கள் செய்ய முடிந்தது, ஒரு கேரக்டரை மறக்காமல் பேசிக்கொண்டே இருப்பது. அதை அவர்கள் செய்தார்கள், பலனும் கிடைத்தது.

இன்னொரு கணக்கும் இருக்கு

இவ்வளவு சண்டையிலும் பலர் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. எழுதினவருக்குக் காசு போகுதா?

2020 நவம்பரில் அமெரிக்க அறிவியல் புனைவு எழுத்தாளர் சங்கம் ஒரு விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. அந்த முதல் நாவலை எழுதிய அதே ஆலன் டீன் ஃபாஸ்டருக்கு, ஸ்டார் வார்ஸ், ஏலியன் நாவல்களுக்கான ராயல்டி வரவில்லை. அந்த உலகங்கள் கைமாறி டிஸ்னியிடம் வந்த பிறகும் புத்தகங்கள் விற்பனையில்தான் இருந்தன. உரிமையை வாங்கினோம், பழைய ஒப்பந்தங்களின் கடமையை வாங்கவில்லை என்பது டிஸ்னி தரப்பின் வாதம் என்றது சங்கம். இதை ஏற்றுக்கொண்டால், கம்பெனி கைமாறும்போதெல்லாம் எழுத்தாளர்களின் ராயல்டி காணாமல் போகலாம். ஃபாஸ்டருக்கும் அவர் மனைவிக்கும் உடல்நலப் பிரச்னைகள் இருந்த நேரம் அது.

'டிஸ்னி மஸ்ட் பே' என்ற ஹேஷ்டேக் பரவியது. மற்ற எழுத்தாளர்களும் தங்கள் பாக்கியைப் பற்றிப் பேசினார்கள். அடுத்த ஆண்டு ஃபாஸ்டரின் விவகாரம் தீர்வுக்கு வந்தது. இதில் ரசிகர்களின் குரலுக்கும் பங்கு உண்டு.

2015-ல் ஒன் ஸ்டார் குத்தியதும் ரசிகர் பலம்தான், 2020-ல் ராயல்டி கேட்டதும் ரசிகர் பலம்தான். முன்னதில் அடி வாங்கியவர் எழுத்தாளர். பின்னதில் பதில் சொல்ல வேண்டியிருந்தது கம்பெனி.

ஒரு நாவல் பிடிக்கவில்லை என்றால் ஏன் பிடிக்கவில்லை என்று தாராளமாக எழுதுங்கள், படித்துவிட்டு! கம்பெனி மேல் கோபமா, கம்பெனியிடமே கேளுங்கள். 'எய்ர் டு த எம்பயர்' இன்றைக்கும் லெஜண்ட்ஸ் முத்திரையோடு விற்கிறது, புதுசாகப் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது கணக்கில் சேருமா என்று அவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கதை பிடித்துப்போனால், ஸான் எழுதிய அடுத்த பாகத்தைத் தேடி எடுத்தால் போதும்.