மூப்பில்லாத நாயகன் ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியேறட்டும்

தமிழில் சரித்திரக் கதை என்றதும் குளம்பொலியும் கோட்டை மதிலும்தான் இன்றும் நினைவுக்கு வருகின்றன. 1950-ல் ‘கல்கி’ இதழில் தொடராகத் தொடங்கிய ‘பொன்னியின் செல்வன்’ போட்டுக்கொடுத்த ராஜபாட்டையில் அதன் பின்வந்த பல தலைமுறை எழுத்தாளர்களும் நடந்துவிட்டார்கள். அந்தப் பாதையைக் குறை சொல்வதற்கில்லை; வரலாற்றின் மீது லட்சக்கணக்கானவர்களுக்கு ஆசை பிறந்தது அதனால்தான். ஆனால் கடந்த 200 ஆண்டுகளில் பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் போன தமிழர்களின் வரலாற்றுக்கு அந்தப் பாதையில் இடமில்லை. அதை எழுத வேறொரு கதை வடிவம் தேவை. மூப்படையாத, சாகாத ஒரு மனிதர் பல தலைமுறைகளைக் கண்ணால் கண்டு சொல்லும் சரித்திர மாயக்கதையே அதற்குப் பொருத்தமானது என்பது என் வாதம். அப்படி ஒருவரைக் குடிவைக்கச் சரியான இடம், பெங்களூரு கன்டோன்மென்டின் ரிச்சர்ட்ஸ் டவுன்.

இந்த வடிவத்தை அமெரிக்கர்கள் வெகுகாலமாகக் கையாண்டு வருகிறார்கள். 1819-ல் வாஷிங்டன் இர்விங் எழுதிய ‘ரிப் வான் விங்கிள்’ கதையில், மலையில் தூங்கிப்போனவன் 20 ஆண்டு கழித்து விழிக்கிறான். சத்திரத்து வாசலில் மன்னர் ஜார்ஜின் படம் இருந்த இடத்தில் ஜெனரல் வாஷிங்டன் இருக்கிறார். ஒரு புரட்சி முழுவதையும் அந்த ஒரு பலகை சொல்லிவிடுகிறது. 2003-ல் வெளிவந்த பீட் ஹாமிலின் ‘ஃபார் எவர்’ நாவலில், 1740-களில் நியூயார்க் வந்து சேரும் அயர்லாந்து இளைஞனுக்கு ஓர் ஆப்பிரிக்கர் சாகா வரம் தருகிறார். மன்ஹாட்டன் தீவை விட்டு வெளியேறக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. அந்த நிபந்தனையால் நாயகனின் ஆயுளும் நகரத்தின் ஆயுளும் ஒன்றாகிவிடுகின்றன. ஆக்டேவியா பட்லர் 1980-ல் எழுதிய ‘வைல்ட் சீட்’ இன்னும் ஆழமானது. 1690-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் தொடங்கும் அந்தக் கதையில், மூப்பில்லாத ஒரு கறுப்பினப் பெண் அடிமை வணிகத்தின் காலத்தில் அமெரிக்கா கொண்டுவரப்படுகிறாள். அடிமைப்பட்ட மக்களில் பெரும்பாலோர் கைப்பட எதையும் எழுதிவைக்க விடப்படவில்லை. ஏட்டில் ஏறாத அந்த வாழ்வைத் தொட, பட்லருக்கு ஒரு சாகாத சாட்சி தேவைப்பட்டாள்.

இது நமக்கு இறக்குமதிச் சரக்கு என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. என்றும் பதினாறு மார்க்கண்டேயனும் காயகற்பம் உண்ட சித்தர்களும் நம் வீட்டுத் திண்ணையில் வளர்ந்தவர்கள். எல்லோரையும் விடப் பெரிய எடுத்துக்காட்டு ஔவையார். சங்க காலத்தில் அதியமானோடு இருந்த ஔவை வேறு, ஆத்திசூடி பாடிய ஔவை வேறு என்பது ஆய்வாளர்கள் கூற்று. மக்களோ அந்த நூற்றாண்டுகளை எல்லாம் ஒரே கிழவிக்குக் கொடுத்துவிட்டார்கள். அதியமான் தந்த நெடுவாழ்வு நெல்லிக்கனி அதற்குக் காரணமும் சொல்லிவிட்டது. அவள் எந்த அரியணையிலும் அமரவில்லை. அரசனிடமும் போனாள், குடிசையிலும் உண்டாள். அண்மையில், 2024-ல் பா. ரஞ்சித் இயக்கிய ‘தங்கலான்’, வடாற்காட்டிலிருந்து கோலாருக்குப் பொன் தேடிப் போன உழைப்பாளிகளின் கதையை, மலைக்குக் காவல் நிற்கும் ஆரத்தி என்னும் மாயப் பெண்ணோடு சேர்த்துச் சொன்னது. அதன் கலைத்தரம் பற்றிக் கருத்து வேறுபடலாம். மாயமும் உழைப்பாளர் வரலாறும் தமிழில் ஒரே கதையில் இருக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது.

அமெரிக்காவில் இந்த வடிவம் வேர்பிடித்ததற்கு ஒரு காரணம், குடியரசாக அந்த நாட்டின் வயது. 1776-லிருந்து எண்ணினால் 250 ஆண்டு. ஒரே மனிதன் தொடக்கம் முதல் இன்றுவரை பார்த்துவிடக்கூடிய நீளம். தெரு தெருவாக மாற்றத்தைக் காட்டக்கூடிய அளவு. 2,000 ஆண்டுத் தமிழ் வரலாறு முழுவதையும் ஒரு நாயகன் தலையில் ஏற்றினால் ஒவ்வொரு காலமும் மங்கலாகிவிடும். பெங்களூரு கன்டோன்மென்டோ தொடக்கமும் திருப்பங்களும் துல்லியமாகத் தெரிந்த ஊர். திப்பு வீழ்ந்த பின் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலப் படை, காய்ச்சலுக்கு அஞ்சி இடம் மாற, 1809-ல் அல்சூர் பக்கத்தில் தண்டு எனப்படும் கன்டோன்மென்ட் அமைந்தது. படையைத் தொடர்ந்து தமிழ்ச் சிப்பாய்களும் வண்ணாரும் கொத்தனாரும் சமையல்காரரும் வணிகரும் வந்தார்கள். 1864-ல் சென்னைப் பக்கமிருந்து ரயில் வந்தது. 1881-ல் மைசூர் ராஜ்ஜியம் உடையார்களுக்குத் திரும்பக் கொடுக்கப்பட்டபோதும், இந்தப் பகுதி ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற பெயரில் ஆங்கிலேயர் கையிலேயே இருந்தது. 1947 ஜூலையில்தான் மைசூரோடு சேர்ந்தது. 1949-ல் பழைய நகரத்தின் நகராட்சியும் கன்டோன்மென்டின் நகராட்சியும் இணைந்து ஒரே மாநகராட்சி ஆயின. ஒரே ஊருக்குள் ஓர் எல்லை இருந்து மறைந்த இந்தக் கதை, ஒரு நீண்ட ஆயுளுக்குக் கச்சிதமான அளவு.

அதற்குள்ளும் ரிச்சர்ட்ஸ் டவுன் தனிக் கவனத்துக்கு உரியது. 1898-ல் பெங்களூரைத் தாக்கிய பிளேக், நெருக்கடியான தெருக்களில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. ஊரே காலியாகி முகாம்களுக்குப் போயிற்று. அந்தப் பயத்தில் பிறந்தவைதான் ஃபிரேசர் டவுனும் அதையொட்டிய புதுக் குடியிருப்புகளும். எலி புகாத அடித்தளம், காற்றோட்டமான அறைகள், அகலமான தெருக்கள் என்று பிளேக் அண்டாத ஊரை எப்படி அமைப்பது என்பதைப் பற்றி ஜே. எச். ஸ்டீஃபன்ஸ் 1914-ல் ஒரு நூலே வெளியிட்டார். ரிச்சர்ட்ஸ் டவுனுக்குப் பெயர் தந்த எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷனின் கலெக்டராக இருந்தவர். சேலம் மாவட்ட கெஸட்டியரைத் தொகுத்தவர். 1909-ல் பெங்களூரில் புராணங்களையும் வரலாற்றையும் ஆராயத் தொடங்கிய மிதிக் சொசைட்டியின் தோற்றத்தில் முன்நின்றவர். இவர்கள் பெயரெல்லாம் ஆவணத்தில் இருக்கின்றன. அந்த அடித்தளத்துக்குக் கல் சுமந்தவர்களின் பெயர்களைத் தேடினால் கிடைப்பது மிகக் குறைவு.

இங்கேதான் மாயக்கதைக்கு வேலை வருகிறது. இந்தப் பகுதியின் பழைய வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் ‘கன்சர்வன்சி லேன்’ என்ற குறுகிய சந்து ஓடும். கழிவு அள்ள வருபவர்கள் தெருவாசிகளின் கண்ணில் படாமல் வந்து போவதற்காகவே போட்ட வழி அது. முன்வாசலில் மங்கி டாப் மரவேலைப்பாடும் ரோஜாச் செடியும். பின்வாசலில் வாளியும் துடைப்பமும். அந்தச் சந்தில் 1915-ல் வாளியோடு நுழைந்த ஒரு பெண் மூப்படையாமல் இன்றும் நடக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வாளி போய்க் குழாய் வந்ததை அவள் பார்த்திருப்பாள். கொடி மாறியதையும், பங்களா இடிந்து அடுக்குமாடி எழுந்ததையும் பார்த்திருப்பாள். 1898-ல் குழந்தையாக முகாமுக்குப் போனவள், 2020-ல் மறுபடியும் தெரு அடைக்கப்பட்டபோது யார் வீட்டுக்குள் இருந்தார்கள், யார் குப்பை அள்ள வெளியே வந்தார்கள் என்பதை ஒரே கண்ணால் ஒப்பிடுவாள். முன்வாசல் அவளுக்கு எந்த ஆண்டு திறந்தது, திறந்ததா இல்லையா என்ற ஒரு கேள்வியே ஒரு நாவலுக்குப் போதும்.

இதை நான்கு தலைமுறைக் குடும்பக் கதையாக எழுதிவிடலாமே, மாயம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் குடும்பக் கதையில் ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைக் கேள்விப்பட்டுத்தான் அறிகிறது. பேத்திக்குப் பாட்டியின் அவமானம் ஒரு செய்தி. சாகாதவளுக்கு அது நேற்றைய காயம். எந்தக் கொடுமை மாறியது, எது சட்டை மட்டும் மாற்றிக்கொண்டது என்பதை ஒரே உடம்பால் அறியக்கூடியவள் அவள்தான். தவிர, தலைமுறை தோறும் பெயர் தெரிந்த குடும்பங்களுக்குத்தான் குடும்பக் கதை எளிது. ஊர்ப்பெயரையும் சாதிப்பெயரையும் மறைத்துக்கொண்டு ரயிலேறி வந்தவர்களிடம் பெரும்பாலும் அப்படிப்பட்ட கொடிவழி இருப்பதில்லை. அவர்கள் இழந்த தொடர்ச்சியைக் கதையாவது கொடுக்கட்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. புராணத்தையும் வரலாற்றையும் பிரித்துப் பார்க்கத் தடுமாறும் சமூகத்தில், மாயத்தை வரலாற்றோடு கலப்பது ஆபத்தில்லையா? ஆபத்துதான். ‘பொன்னியின் செல்வ’னில் கல்கி படைத்த கற்பனைப் பாத்திரமான நந்தினியைச் சோழர் வரலாற்றில் நிஜமாக வாழ்ந்தவள் என்று நம்புபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் குழப்பம் வரக் காரணம், நம்பத் தகுந்த கற்பனை வரலாற்றோடு தடயமின்றிக் கலந்ததுதான். 130 வயதில் இளமையோடு நிற்கும் ஒருத்தியை யாரும் ஆவணம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மாயம் முகத்திலேயே தெரிவதால் அது நேர்மையானது. அந்த நேர்மையைக் காக்க எழுத்தாளர் ஒரு விதியைக் கறாராகப் பின்பற்ற வேண்டும்: நாயகன் ஆணானாலும் பெண்ணானாலும், மாயம் அந்த உடம்போடு நிற்க வேண்டும், சுற்றியுள்ள வரலாற்றைத் தொடக் கூடாது. 1896-ல் பெங்களூர் வந்த இளம் அதிகாரி சர்ச்சிலின் காதில் ஓதியவன் நம் நாயகன் என்றோ, பிளேக்கை அவனே ஒழித்தான் என்றோ எழுதினால், உண்மையில் உழைத்தவர்களின் புகழை அவன் திருடிக்கொள்கிறான். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873-ல் தொடங்கிய பள்ளி அவருடைய சாதனையாகவே இருக்கட்டும்; நம் நாயகன் அதன் கடைசி வரிசையில் உட்கார்ந்து படித்தால் போதும்.

சாவே இல்லாதவனுக்கு என்ன பயம், பயமில்லாத கதையில் என்ன விறுவிறுப்பு என்று வாசகர் தரப்பிலிருந்தும் ஒரு மறுப்பு வரும். சாகாதவன் இழக்காதவன் அல்ல. மெசபடோமியாவுக்கு அனுப்பப்பட்ட சாப்பர் படைத் தம்பியை அவன் வழியனுப்புவான். மனைவியையும் மக்களையும் அடக்கம் செய்வான். வயது கூடாததைக் கண்டு அக்கம்பக்கம் சந்தேகிக்கும்போது, பிளாக்பள்ளியிலிருந்து காக்ஸ் டவுனுக்கும் அங்கிருந்து ரிச்சர்ட்ஸ் டவுனுக்கும் வீடு மாறிக்கொண்டே இருப்பான். அடையாள அட்டைகளின் காலம் வந்தபின் அவனுடைய பிறந்த தேதியே அவனுக்கு எதிரியாகும். இழப்பு கூடிக்கொண்டே போகும் வாழ்க்கையில் விறுவிறுப்புக்குப் பஞ்சமிராது.

பெங்களூரில் தமிழ் நாயகன் என்றால் அது மண்ணுக்கு உரிமை கோருவதாகாதா என்ற கேள்வியை நான் லேசாகத் தள்ளமாட்டேன். காவிரி நீர்த் தகராறை ஒட்டி 1991 டிசம்பரில் இங்கே தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டு மூடியே கிடந்து 2009 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அதே மாதம் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. இந்த வரலாற்றை எழுதாமல் விட்டால் புண் ஆறிவிடாது. உண்மையாக எழுதப்படும் கன்டோன்மென்ட் கதை, ‘நாங்கள்தான் முதலில் வந்தோம்’ என்ற வீம்புக்கு எதிராகவே போய் நிற்கும். தண்டு வருமுன் அல்சூரில் உழுதவர்கள் இருந்தார்கள். தக்கணி பேசும் முஸ்லிம்களும் தெலுங்கர்களும் ஆங்கிலோ இந்தியர்களும் கன்னடியர்களும் அடுத்தடுத்த வாசலில் வாழ்ந்த இடம் இது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் இங்கே வாழ்ந்தவள் காய்கறிக்காரரிடம் கன்னடத்திலும் தையல்காரரிடம் தக்கணியிலும் பேசாமல் இருக்க முடியாது. யாருக்கு யார் கஞ்சி கொடுத்தார்கள் என்பதும், யார் யாரைத் துரத்தினார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். ஒரு தரப்புக்கு மட்டும் கொடி பிடிக்க அவளுடைய நினைவே விடாது.

எழுத வருபவர்களுக்குத் தரவு இல்லாமல் இல்லை. மிதிக் சொசைட்டியின் நூலகமும் பழைய இதழ்களும் இருக்கின்றன. தேவாலயங்களின் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளும் பழைய நகராட்சி அறிக்கைகளும் தேடினால் கிடைக்கும். அவற்றில் வெறும் எண்ணிக்கையாக நிற்பவர்களுக்கு முகம் கொடுப்பதே கதையின் கடமை. பங்களாக்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு வருகின்றன. அங்கே வேலை செய்தவர்களை நேரில் அறிந்த கடைசித் தலைமுறை முதுமையில் இருக்கிறது. பத்திரிகைகள் இன்னொரு சோழர் தொடருக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றை இதற்குக் கொடுக்கலாம்; பதிப்பகங்கள் கன்னட எழுத்தாளர்களோடு சேர்ந்து இரு மொழியிலும் ஒரே சமயத்தில் வெளியிடலாம். ராஜராஜனுக்குக் கல்வெட்டு இருக்கிறது, அவன் பெயர் அழியாது. கன்சர்வன்சி சந்தில் நடந்தவர்களுக்குக் கல்வெட்டு இல்லை. சாகா வரத்தைக் கதையில் யாருக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை எழுத்தாளனுக்கு இருக்கும்போது, அது ஏற்கெனவே அழியாதவர்களுக்குப் போகக் கூடாது.