கோட்டோவியர் ஆதிமூலமும் நம் நூலகங்களும்

தமிழ்த்துறையைச் சார்ந்த நாம் கதாசிரியரின் பெயரை அறிவோம். கவிஞர் பிறந்த ஊரையும் அறிவோம். அக்கதையின் பக்கத்திலேயே அச்சேறியிருந்த ஓவியத்தை வரைந்தவர் யார் என்று ஒரு மாணவர் கேட்டுவிட்டால், நம்மில் பலர் விடையின்றி நிற்க நேரும். ஓவியர் கே.எம். ஆதிமூலம் இவ்வாறு நம் கண்ணுக்குப் பழகியும் நாவிற்குப் பழகாத பெயர்களுள் ஒருவர். 2008ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் அவர் மறைந்தார். இத்தனை ஆண்டுகள் கழித்து அவர் எங்கே இருக்கிறார் என்று வினவுவது காலங்கடந்த செயலன்று என்றே கருதுகிறோம்.

திருச்சிராப்பள்ளி மாவட்டம் துறையூருக்கு அருகிலுள்ள கீராம்பூரில் 1938ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். நாட்டுப்புறத்துச் சிற்றூர்ப் பிள்ளை. சென்னைக்கு வந்து, சிற்பி எஸ். தனபாலின் வழிகாட்டுதலைப் பெற்று, அரசு கலைத்தொழிற் கல்லூரியில் பயின்று, 1966இல் தேர்ச்சி பெற்றார். 1850இல் தோன்றிய அக்கல்லூரிக்கு அக்காலத்தில் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். எழுத்துப் போன்ற வடிவங்களையே ஓவியமாகத் தீட்டும் புதிய முயற்சியைப் பணிக்கர் தொடங்கியிருந்த காலம் அது. வண்ணத்தைவிடக் கோட்டிற்கு மதிப்பளித்த அச்சூழலில் ஆதிமூலத்தின் கை பழகிற்று.

1969ஆம் ஆண்டு காந்தியடிகளின் நூற்றாண்டு. அதனையொட்டி அடிகளைக் கறுப்பு வெள்ளையில் ஏறத்தாழ நூறு ஓவியங்களாக வரைந்தார் ஆதிமூலம். அவற்றை அச்சில் மட்டுமே நாம் கண்டுள்ளோம். ஆயினும் ஒன்று சொல்லலாம். நாடெங்கும் அலுவலகச் சுவர்களில் தொங்கும் காந்தி நம்மை நோக்கிப் புன்னகைப்பவர். ஆதிமூலத்தின் காந்தி நம்மைப் பொருட்படுத்தாது தம் சிந்தனையில் நடந்துகொண்டிருப்பவர். மையை ஊற்றியது போன்ற அடர்த்தி ஓரிடத்தில். மயிரிழை போன்ற கோடு மற்றோரிடத்தில். இடையே வெறும் தாள். அந்த வெறுந்தாளும் அடிகளின் உடம்பாகிவிடுகிறது. சொல்லாமல் விட்டதைக் கொண்டு பொருளுரைப்பது குறிப்பு என்று வகுப்பில் கற்பிக்கிறோமே, அதற்கு இதனினும் நல்ல சான்று பாடநூலில் இல்லை.

ஓவியக்கூடத்தோடு அவர் நின்றிருந்தால் தமிழாசிரியராகிய நமக்கு அவரைப் பற்றி எழுத உரிமை குறைவே. அவர் 'கசடதபற' போன்ற சிற்றிதழ்களுக்கு வரைந்தார். கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி' 1980களில் ஜூனியர் விகடனில் தொடராக வந்தபோது, அதற்கு அவர் வரைந்த கோடுகள் கரிசல் மண்ணின் வெடிப்பையும் மக்களின் முகச் சுருக்கத்தையும் ஒன்றாகவே காட்டின. கோவில்பட்டிப் பக்கத்தையே பார்த்திராத வட ஆற்காட்டு வாசகருக்கும் கரிசல்காட்டு மனிதர் எப்படியிருப்பார் என்பதைப் பாதி கி.ரா. சொன்னார், மீதியை ஆதிமூலம் சொன்னார். கடிதம் இன்றும் படிக்கப்படுகிறது, பாடமாகவும் வைக்கப்படுகிறது. மீதிப் பாதியைக் குறித்து நாம் வாய் திறப்பதில்லை.

நூல்களின் மேலட்டைகளில் அவர் எழுதிய தலைப்பெழுத்துகள் தனியே பேசத்தக்கவை. அச்சுக்கோத்த ஈய எழுத்தின் ஒழுங்கை விட்டு, தூரிகையின் வேகத்தோடு கூடிய தமிழ் எழுத்தை அவர் அட்டைகளில் உலவவிட்டார். இதனை உணர நம் சமுதாயத்தார்க்குத் தனிப் பயிற்சி வேண்டியதில்லை. உருவம் வரைதல் குறித்து நம் பெரியோர்க்கு உள்ள தயக்கத்தை நாம் அறிவோம், மதிக்கிறோம். ஆனால் எழுத்தையே கலையாக்கிய மரபு நம்முடையது. பள்ளிவாசல் முகப்பில் செதுக்கிய வசனத்தின் வளைவை நின்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சென்னையில் 1927இல் தொடங்கப்பெற்ற 'முசல்மான்' என்னும் உருது நாளேடு, அச்செழுத்து வந்த பின்னரும் காத்திபுகளின் கையெழுத்தாலேயே வெளிவந்தது. ஓர் எழுத்தின் வால் எங்கே நீள வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று காத்திபு சிந்தித்ததையே ஆதிமூலம் நம் தாய்மொழியின் எழுத்துக்குச் சிந்தித்தார். பிற்காலத்தில் உருவங்களை அறவே விடுத்து, வண்ணவெளிகளை மட்டுமே எண்ணெய் ஓவியங்களாகத் தீட்டியவர் அவர் என்பதையும் இங்கே நினைவுகூரலாம். ஒடுகத்தூர்க் கடைவீதியில் பெயர்ப்பலகை எழுதிய கைகளுக்கு அச்சுப் பதாகைகள் ஓய்வு கொடுத்துவிட்ட இந்நாளில், கையால் எழுதிய தமிழின் அழகைக் காட்டப் பழைய நூலட்டைகளையன்றி வேறென்ன இருக்கிறது?

அவ்வட்டைகள்தாம் இல்லை.

ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காகச் சிற்றிதழ்க் கவிதைகளைத் தேடிய நாட்களில், ஒரு கல்லூரி நூலகத்தில் பழைய இதழ்த் தொகுதிகளைப் புரட்டினோம். உறுதியான கட்டு, முதுகில் பொன்னெழுத்து. உள்ளே ஓர் இதழுக்கேனும் மேலட்டை இல்லை. கட்டுபவர் அனைத்தையும் கிழித்தெறிந்துவிட்டுத் தைத்திருந்தார். ஓரங்களைச் சமன்செய்தபோது உட்பக்க ஓவியங்களின் மூலையிலிருந்த கையொப்பமும் வெட்டுப்பட்டிருந்தது. எந்த இதழுக்கு அட்டை வரைந்தவர் யார் என்ற நம் வினாவிற்கு அந்நூலகம் விடையளிக்க இயலவில்லை. தடித்த அட்டை ஊசிக்கு இடங்கொடாது என்பது கட்டுபவரின் நியாயம். அவர்மீது நமக்கு வருத்தமில்லை. அட்டை வேண்டும் என்று அவரிடம் சொல்லாத தமிழாசிரியர்மீதே வருத்தம். நம் வட்டாரத்தில் ஆவாரம்பட்டை கொண்டு பதனிட்ட ஆட்டுத்தோல் கடல் கடந்து சென்று பிறநாட்டு நூல்களுக்கு மேலுறையானது என்பர். வெள்ளிதோறும் ஆட்டுச்சந்தை கூடும் ஒடுகத்தூரிலிருந்து இதனை எழுதும்போது, நம் நூல்களின் மேலுறையை நாமே கிழித்த கதை சற்றுக் கசக்கவே செய்கிறது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கிராண்ட் வுட் என்றொரு வட்டார ஓவியர் வாழ்ந்தார், 1942இல் மறைந்தார். தம் தங்கையையும் பல் மருத்துவரையும் முன்மாதிரியாக நிறுத்தி, 1930இல் அவர் வரைந்த உழவர் ஓவியம் உலகறிந்தது. அது சிகாகோ நகரின் கலைக்கூடத்திற்குச் சென்றுவிட்டது. ஆயினும் அவர் வாழ்ந்த சீடர் ராப்பிட்ஸ் நகரத்தார், அவ்வோவியத்தை அவர் தீட்டிய மாடியறையை இன்றும் பேணி வருகின்றனர். பணம் படைத்த நாடு, செய்கிறது என்று தள்ளிவிடலாம். நம் நாட்டிலேயே கோட்டையூரில் ரோஜா முத்தையா இருந்தாரே. விளம்பரப் பலகை எழுதும் தொழிலராகிய அவர், நூல்களோடு இதழ்களையும் நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் விடாது சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் அச்சேகரமே 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று. பலகை எழுதியவருக்கு அட்டையின் அருமை தெரிந்திருந்தது. பட்டம் பெற்ற நமக்குத் தெரியவில்லை.

ஆதிமூலத்திற்குச் சிலையோ மணிமண்டபமோ நாம் கேட்கவில்லை. நூலகப் பட்டியலில் ஆசிரியர், பதிப்பாளர் பெயர்களுக்குக் கீழே 'ஓவியம்' என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவு ஏதுமில்லை. தொடராக வந்த படைப்பைப் பாடமாக நடத்துகையில், முதல் வெளியீட்டின் ஒரு பக்கத்தையேனும் மாணவர்க்குக் காட்டலாம். இவ்வூர்ப் பெரியோர் இல்லங்களில் பரணில் கிடக்கும் பழைய இதழ்கள், எடைக்குப் போகுமுன் துறையின் படிகளை மிதிக்கட்டும்.

இவ்வாண்டு கட்டுக்குப் போகவேண்டிய இதழ்கள் துறை மேசையில் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு கட்டின் மேலும் 'அட்டையோடு தைக்கவும். ஓரம் வெட்ட வேண்டா' என்று சீட்டு எழுதி வைத்துள்ளோம். அவ்வாறாயின் கூலி கூடும் என்கிறார் கட்டுபவர். எவ்வளவு என்று கேட்டிருக்கிறோம்.