செல்லமும் பக்குவமும்

மதுரை மேலமாசி வீதியில் வசிக்கும் நம் நண்பர் ஒருவர், சென்ற வாரம் கையில் ஒரு கடிதத்துடன் நம்மிடம் வந்து சேர்ந்தார். வெளியூர்க் கல்லூரி ஒன்றில் படிக்கும் அவருடைய குமாரனைப் பற்றி விடுதித் தலைவர் இங்கிலீஷில் எழுதியிருந்த கடிதம் அது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஆனால், பையன் வீட்டில் 'காடில்' செய்து வளர்க்கப்பட்டவன் என்று அதில் ஒரு வாக்கியம் இருந்தது. நண்பர் அகராதியைப் புரட்டினார். 'முட்டையைக் கொதிக்காத வெந்நீரில் மெல்ல வேகவைத்தல்' என்று கண்டதும் திடுக்கிட்டுப் போனார். "நாங்கள் சுத்த சைவம், ஐயா! இது வசவா, வாழ்த்தா?" என்று கேட்டார்.

அகராதியில் அடுத்த வரியையும் பார்க்கும்படி கூறிவிட்டு, அச்சொல்லின் சரித்திரத்தை அவருக்கு எடுத்துச் சொன்னோம்.

இங்கிலாந்தில் முற்காலத்தில் நோயாளிகளுக்கும் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும் 'கோடில்' என்ற சூடான பானம் ஒன்றைக் கொடுப்பதுண்டு. ஏறக்குறைய நம் நொய்க் கஞ்சி போன்றது. மதுவும் வாசனைத் திரவியங்களும் அதில் சேரும். வெப்பத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அப்பெயர். 'காடில்' என்ற வினை அதிலிருந்தே பிறந்திருக்கலாம் என்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. முதலில் அதற்கு மெல்ல வேகவைத்தல் என்பதே பொருள். 1815-ல் வெளியான ஜேன் ஆஸ்டின் அம்மையாரின் 'எம்மா' நாவலில்தான், நோயாளியைப் போல் பாவித்துச் சீராட்டுதல் என்ற பொருள் தலைகாட்டுகிறது. நோயாளிக்குச் செய்ய வேண்டிய உபசாரத்தை நோயில்லாதவனுக்குச் செய்தால் அதற்குச் செல்லம் என்று பெயர்!

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரிக்குச் சற்று மேலேயே இறுகத் தொடங்கிவிடும். கொதியாத நீரில் சிறிது நேரம் கிடந்த முட்டை, உள்ளே கூழாகவே இருக்கும். தமிழில் இதை அரைவேக்காடு என்போம். பொறுப்பறியாத மனிதனையும் நாம் அவ்வாறே அழைக்கிறோம் அல்லவா? இங்கிலீஷ்காரன் வளர்ப்பைச் சொன்னான். தமிழன் அதன் பலனைச் சொன்னான்.

இதைக் கேட்ட நண்பர், "அப்படியானால் இளஞ்சூடே கூடாது, பிள்ளைகளைக் கொதிக்கக் கொதிக்கத்தான் வளர்க்க வேண்டும் என்கிறீர்களா?" என்றார்.

அப்படியன்று. மதுரைக்குக் கிழக்கே மேலூர்ப் பக்கத்து வயல்களைப் பார்க்க வேண்டும். 1895-ல் பெரியாறு அணை முடிந்து மலைக்கு மேற்கே ஓடிய தண்ணீர் வைகைக்குத் திரும்பியதால் செழித்த பூமி அது. அத்தகைய வயல்களில் விளையும் நெல்லை ஊறவைத்து, உமியோடு ஆவியில் அவித்து, களத்தில் உலர்த்திய பிறகு குத்தினால் புழுங்கலரிசி கிடைக்கிறது. இதுவும் மெல்லிய வேக்காடுதான். ஆனால், இந்த வேக்காட்டினால் அரிசி குழைவதில்லை, உறுதிப்படுகிறது. குத்தும்போது நொறுங்குவதும் குறைவு. தவிட்டிலுள்ள சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள்ளேயே இறங்கிவிடுகிறது.

இதன் பெருமையை உலகம் மலாய் நாட்டில் கண்டது. தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் மடிந்தபோது, புழுங்கலரிசி உண்ட நம் தமிழ்த் தொழிலாளர்களை அந்நோய் அதிகம் அண்டவில்லை. 1905-ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, இருவகை அரிசியையும் கொடுத்துப் பார்த்து இவ்வுண்மையைத் தெளிவாக்கினார்.

ஆகவே, குற்றம் சூட்டில் இல்லை. அவிந்த நெல்லைப் பிறகு வெயிலில் போடுகிறோம், உலக்கைக்கும் கொடுக்கிறோம். செல்லப் பிள்ளையை அடுப்படியை விட்டு இறக்குவதே இல்லை. சமைத்தலைக் குறிக்கும் வடமொழி வேரிலிருந்து வந்த 'பக்குவம்' என்ற சொல்லை, நாம் சோற்றுக்கும் சொல்கிறோம், மனத்துக்கும் சொல்கிறோம். அன்பு வேண்டும், அதன் பின் வெயிலும் வேண்டும்.

நண்பர் தலையை ஆட்டினார். நாம் விடவில்லை. "உம்முடைய மூத்த பெண் என்ன செய்கிறாள்?" என்று கேட்டோம்.

"பள்ளிப் படிப்போடு நிறுத்திவிட்டேன். வீட்டு வேலை முழுவதும் அவள்தான். தம்பியின் வேஷ்டியைத் துவைத்ததும் அவளே. இருவரையும் கல்லூரிக்கு அனுப்ப நமக்கு ஏது வசதி?" என்றார்.

ஒரே கூரையின் கீழ் ஒரு பிள்ளைக்கு நிழல் மட்டும், இன்னொரு பிள்ளைக்கு வெயில் மட்டும்! இவ்விதம் வளர்ப்பவர் நம் நண்பர் ஒருவரே என்று நாம் நினைக்கவில்லை. இதை வாசிக்கும் இல்லங்கள் பலவற்றிலும், தட்டைக் கழுவத் தெரியாத பிள்ளையும், புத்தகத்தை மூடிவைத்த பெண்ணும் இருக்கக்கூடும். வசதி குறைவு என்பது மெய்யாயிருக்கலாம். அந்தக் குறைவு முழுவதும் பெண்ணின் தலையிலேயே விடிவது எந்த நியாயத்தில் சேர்ந்தது?

நண்பர் பதில் சொல்லாமல் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு புறப்பட்டார். வாசலில் நின்று, "பெண்ணைச் சேர்க்க இந்த வருஷம் இன்னும் நாள் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

இருக்கிறது என்றோம்.