“ஆயின்” என்ற சொல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

2016 ஒக்டோபரில் கூட்டு ஒப்பந்தம் கைச்சாத்தானபோது, மாத்தளைத் தோட்டங்களிலும் நாட்சம்பளம் 730 ரூபா என்றுதான் பேச்சு. ஒப்பந்தத்தில் இருந்ததோ வேறு. அடிப்படைச் சம்பளம் 500, வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30.

நியதி வேறு, நிபந்தனை வேறு. ஒப்பந்தத்தில் எழுதிய ஒவ்வொரு சரத்தும் நியதி. ஒன்று நிறைவேறினால்தான் காசு என்று வைத்தால் அது நிபந்தனை. அந்த 60 ரூபாவுக்கு, தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வந்திருக்க வேண்டும். 20 நாள் வேலை கொடுத்தால் 15 நாள். பிள்ளைக்குக் காய்ச்சலென்று நின்று, 14 நாள் மட்டும் பெரட்டுக்குப் போன தாய் இழந்தது ஒரு நாள் 60 ரூபா அல்ல; 14 நாளுக்குமாக 840 ரூபா. “வேலை கொடுத்த” என்ற இரண்டு சொல்லையும் விட்டுவிட்டு, மாதத்து நாளையெல்லாம் கணக்கில் போட்டால் இன்னும் மோசம். செக்றோலைப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

சேமலாப நிதிக்குத் தோட்டம் 12 வீதம், நாம் 8 வீதம். அதுவும் அடிப்படைக்குத்தான். 500க்கு 100 ரூபா சேர்ந்தது. 730உம் அடிப்படையாக இருந்திருந்தால் 146 சேர்ந்திருக்கும்.

2019 ஜனவரியில் மொத்தம் 750 ஆனபோது, 20 ரூபாவுக்கா இத்தனை போராட்டம் என்று கோபம் வந்தது. ஆயிரம் கேட்டவர்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனாலும் 60உம் 140உம் போய் அடிப்படை 700 ஆனது சின்ன விஷயமல்ல.

2021இல் சம்பள நிர்ணய சபை 1000 ரூபா தந்தது, கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு விலகின. எத்தனை கிலோவுக்கு முழுப்பேர் என்று பேசி எழுதிவைக்க இருந்த இடமும் போய்விட்டது. கிலோத் தகராறு இல்லாத தோட்டம் இன்று எத்தனை?

இப்போது தேயிலைத் துண்டைப் பிரித்துத் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்று தனித்தனியாகத் தாள் நீட்டுகிறார்கள். அதில் நாம் தொழிலாளியா, கொழுந்து விற்பவரா? தொழிலாளி இல்லையென்றால் சேமலாப நிதியும், வருடத்துக்கு 14 நாள் சம்பளமாக வரும் சேவைக்காலப் பணமும் என்னவாகும்? உரத்துக்கும் மருந்துக்கும் எவ்வளவு கழிப்பார்கள், துண்டைத் திருப்பி எடுக்க எத்தனை நாள் நோட்டீஸ்? தமிழ்ப் பிரதி கேளுங்கள். ஏ.எல். படிக்கும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். தோட்டத் தலைவர் பார்க்கும்வரை கையெழுத்து வேண்டாம்.