ஒரு குறள், ஒரே பொருள், ஐந்து மார்க்

திருக்குறளுக்குப் பொருள் எழுதச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் அசைன்மெண்ட் கொடுத்தால் என்ன நடக்கும்? நாற்பது பிள்ளைகள், நாற்பது நோட்டு, ஒரே விடை. நோட்ஸில் உள்ளதை அப்படியே எழுதினால் முழு மார்க். சொந்தமாக யோசித்து எழுதினால் "இது எங்கே போட்டிருக்கு?" என்று ஒரு கேள்வி, சிவப்பு மையில் ஒரு சுழி.

தமிழ் மரபு இப்படியா இருந்தது? குறளுக்குப் பழைய உரைகாரர்கள் பத்துப் பேர் என்பார்கள். இன்று கிடைப்பது ஐவர் உரை. அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத இடங்கள் ஏராளம். பரிமேலழகர் பிறர் சொன்ன பொருளை எடுத்துக்காட்டி, காரணம் சொல்லி மறுப்பார். வாதம் செய்வதுதான் உரை மரபு.

55-ஆம் குறளையே பாருங்கள். கணவனைத் தொழுது எழும் மனைவியைப் பற்றியது. அவள் பெய்யச் சொன்னால் மழை பெய்யும் என்கிறார் பரிமேலழகர். கலைஞர் மு. கருணாநிதியின் உரை இதற்கு நேர் எதிர். ஆணையிட்டதும் பயந்து பெய்யும் மழையைப் போல, தன்னை அடிமையாக நினைத்துக்கொள்பவள் அவள். அங்கே பாராட்டு, இங்கே கண்டனம்! குறளில் 'போல' என்ற சொல் கிடையாது. அது மறைந்து நிற்கிறது என்று கொண்டால் மழை உவமை. இல்லையென்றால் மழை அவள் பேச்சைக் கேட்கிறது. எவ்வளவு அருமையான இலக்கணச் சண்டை! வகுப்பில் ஒரு மணி நேரம் பேசலாமே?

பேசுவதில்லை. கடவுளை விடக் கணவனே பெரியவன் என்று பதினைந்து வயதுப் பெண் அழகான கையெழுத்தில் காப்பியடித்து, மார்க் வாங்கிக்கொண்டு போகிறாள். அதை ஏற்கிறாளா இல்லையா என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. இதற்குப் பெயர் இலக்கியக் கல்வியாம்.

"அப்படியானால் ஆளுக்கொரு அர்த்தம் எழுதலாமா?" என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கூடாதுதான். சொல்லும் இலக்கணமும் இடம் கொடுக்காத பொருளுக்குத் தாராளமாகப் பூஜ்யம் போடட்டும். ஆனால் காரணம் காட்டி எழுதியவருக்கு மார்க் கொடுக்க என்ன தயக்கம்? 'பொருள் எழுதுக' என்பதற்குப் பதிலாக, இரண்டு உரைகளைக் கொடுத்து 'எது பொருந்துகிறது, ஏன்?' என்று கேட்டால் போதும். காப்பியடிக்க வழியே இருக்காது.

அதுவரைக்கும், பரிமேலழகரே பரீட்சை எழுத வந்தாலும் நோட்ஸ் படிக்காமல் வந்தால் ஃபெயில்தான்!