நடுகிறவர்களுக்குப் பயிற்சி எங்கே?

திருந்திய நெல் சாகுபடி ஏன் பரவவில்லை என்று கேட்டால், "நடவாட்கள் பழைய பழக்கத்தை விடமாட்டேன் என்கிறார்கள்" என்பார்கள். அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்பதுதான் என் கேள்வி.

14 நாள் இளநாற்றை வேர் அறாமல் எடுத்து, குத்துக்கு ஒன்றாக, 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் ஊன்ற வேண்டும். முழுக்கக் கைவேலை. காவிரி டெல்டாவில் அந்தக் கை பெரும்பாலும் நிலமற்ற தலித் பெண்களுடையது. நான் பார்த்த பயிற்சிக் கூட்டங்களிலோ, நாற்காலியில் இருந்தவர்கள் ஒரு நாளும் சேற்றில் குனிந்து நடாத பட்டாதாரர்கள். கூட்டம் நடந்ததும் ஊர்த்தெருவில்.

இந்தக் கோளாறு பழையது. 1970களில் உலக வங்கி ஆதரவோடு வந்த பயிற்சி மற்றும் பார்வையிடல் திட்டம், 'தொடர்பு விவசாயி' சிலரிடம் சொன்னால் மற்றவர்களுக்குத் தானாகப் போய்ச்சேரும் என்று நம்பியது. ஊர் வேறு, சேரி வேறு என்பது அந்தக் கணக்கில் இல்லை. (வாய்க்கால் தண்ணீரே கடைசியில்தான் எங்கள் பக்கம் வரும்!)

கூலியையும் பேச வேண்டும். கயிறு பிடித்து வரிசையாக நட, கை பழகும்வரை கூடுதல் நேரமாகும். ஏக்கருக்கு இவ்வளவு என்று பழைய காசுக்கே காண்ட்ராக்ட் பேசிவிட்டு, அந்தப் பெண்கள் தயங்கினால் அதற்கு அறியாமை என்று பெயர் வைப்பதா?

செயல்விளக்கத் திடலைச் சேரியை ஒட்டிப் போடுங்கள். வரும் பெண்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். பட்டாவைப் பார்த்துப் பயிற்சிக்கு ஆள் எடுப்பதை நிறுத்துங்கள்.